மடங்காத விரலும் மாட்டுத் தரகும்

மாட்டுத் தரகனுக்கு மூளை உள்ளங்கையில் இருக்க வேண்டும். தலையில் இருந்தால் சந்தை வெயிலில் காய்ந்து போகும். கல்யாணத் தரகு, நிலத் தரகு என்று எந்தத் தரகு பார்த்தவராக இருந்தாலும் சரி, தரகே பார்க்காமல் வெறுமனே குடித்தனம் நடத்துகிறவராக இருந்தாலும் சரி, காலையில் ஒன்று நினைத்துப் புறப்பட்டுச் சாயங்காலம் வேறொன்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிற எல்லாரும் எனக்குக் கூட்டாளிகள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரனின் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் ஊர் லாரிகள் எல்லாம் படுத்துவிட்டன. வண்டிக் காளைகளுக்குப் புது மாப்பிள்ளை மவுசு. பூந்தமல்லிக்கு மேற்கே வாரா வாரம் கூடிய மாட்டுச் சந்தையில் நான் தரகன். பெயர் ரத்தினம்.

துண்டு போட்டுப் பேசுவது

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. தரகன் தன் கைமேல் ஒரு துண்டைப் போடுவான். வாங்குகிறவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகனின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் பத்து ரூபாய், இரண்டு என்றால் இருபது. அதே தொகையைத் தரகன் போய் விற்கிறவரின் விரல்களைப் பிடித்துச் சொல்வான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையக் கூடாது.

ஆவடியிலிருந்து ரயில்வே குமாஸ்தா ஒருவர் பால்மாடு வாங்க வந்தார். சந்தைக்குப் புதிது. துண்டுக்குள் கையை விடுங்கள் என்றதும் மனுஷன் கூசிப் போனார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டு விரலைத் தடவித் தடவிப் பேரம் பேச, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு வழியாக மாட்டுக்கு விலை படிந்ததும் கையை உருவிக்கொண்டு அவர் கேட்டார்: "ஏன்யா, இந்த ஊர்ல மாடு வாங்கணும்னா மொதல்ல தரகரைக் கல்யாணம் பண்ணிக்கணுமா?"

கட்டு வைத்தியர்

இப்படிக் கையால் பிழைத்தவனுக்குக் கையிலேயே வந்தது வினை. திருமழிசைப் பண்ணைக்காரர் ஒருவர் தம் வண்டிகளுக்கெல்லாம் காளை பார்க்கச் சொல்லியிருந்தார். ஒரே நாள் தரகு, ஆறு மாதச் சாப்பாடு. விடியற்காலையில் எங்கள் தெரு அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பெண்டாட்டியிடம் புடவை நிறம்கூடக் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். சந்தை வாசலில் ராணுவ லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான் பிடித்திருந்த கிடாரிக் கன்று மிரண்டு பாய்ந்தது. கயிறு என் வலது ஆள்காட்டி விரலைச் சுற்றி எலும்பை முறித்துவிட்டது. பண்ணைக்காரருக்கு வேறு தரகன் கிடைத்தான். எனக்குக் கட்டு வைத்தியர் கிடைத்தார்.

அவர் மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் பச்சிலையும் பூசி இறுக்கிக் கட்டினார். பல நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல் வேல் மாதிரி நேராக நின்றது. மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. அவர் மடக்கிப் பார்த்தார், நான் அலறினேன். விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தியர் ரொம்பத் திருப்தியாகச் சொன்னார்: "எலும்பு கோணாம சேரணும்னு கேட்ட, சேந்துட்ச்சு. மடங்கணும்னு நீ சொல்லவே இல்லியே நைனா!"

மூன்றாவது விரல்

மடங்காத விரலோடு போட்ட முதல் பேரத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. விற்க வந்தவர் வேப்பம்பட்டு முனுசாமி. வாங்க வந்தவர் வண்டிக்காரர் கேசவலு. கேசவலு இரண்டு விரல் சொன்னார். நான் முனுசாமியிடம் போய் அவருடைய இரண்டு விரல்களைத்தான் பிடித்தேன். ஆனால் என் நட்டுக்கொண்ட விரல் நீண்டுபோய் அவருடைய மூன்றாவது விரலையும் தொட்டுத் தொலைத்தது. முனுசாமி முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். துண்டை எடுத்துப் பணத்தை எடுத்ததும் ரகளை. இரண்டா மூன்றா என்று இருவரும் என் சட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். முனுசாமி மாட்டை இழுத்துக்கொண்டு கோபமாக ஊருக்கே திரும்பிவிட்டார். கேசவலு காளை இல்லாமல் வண்டியை வெறுமனே நிறுத்திவைத்தார்.

அடுத்த சந்தைக்கு முனுசாமி ஒரு பறங்கிக்காயோடு வந்தார். அடிக்கத்தான் எடுத்து வருகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், மரியாதை! வீட்டிலிருந்த மற்றொரு காளை கால் வீங்கிப் படுத்துவிட்டதாம். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டதாம். விற்காமல் போன காளைதான் பக்கத்து வீட்டு மாட்டோடு சேர்ந்து உழுததாம். "உன் வெரல்ல சாமி பூந்துகினு வேல செஞ்சுது அண்ணாத்தே" என்று என் விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பின்னால் நின்ற கேசவலு வாயைத் திறக்கிற வரைக்கும்: "அவனுக்கு வேல செஞ்ச சாமி, என் வண்டிக்கு இன்னா வேல செஞ்சுதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

வெள்ளி விரல்

கேசவலுவின் கேள்வியையும் சுமந்துகொண்டு அம்மனிடமே போய் நின்றேன். வயிற்று வலி வந்தவர்கள் வெள்ளியில் வயிறும், கண்ணோய் வந்தவர்கள் வெள்ளியில் கண்மலரும் வாங்கிப் போடுவது வழக்கம்தானே. "தாயே, ஆடி முடிவதற்குள் இந்த விரலை மடக்கிக் கொடு, உனக்கு வெள்ளியில் ஒரு விரல் செய்து போடுகிறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதாவது, வலது கன்னத்தில் நாலு விரலாலும் ஒரு குச்சியாலும் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் பெண்டாட்டி தாயாரம்மாள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "வெள்ளியில செஞ்சா அதுவுந்தான் மடங்காது, போ!"

இடது கை

ஆடியும் வந்து போனது, விரல் மட்டும் வழிக்கு வரவில்லை. அதற்குள் 'ரத்தினம் கை பொய் பேசுது' என்று சந்தை முழுக்கப் பேச்சு. துண்டை விரித்துக்கொண்டு நின்றால் ஈதான் வந்து உட்கார்ந்தது. சரி, வலது கைக்குப் பதில் இடது கையால் பேசிப் பார்ப்போம் என்று ஒரு நாள் துணிந்தேன். அடுப்பெரிக்கும் எரிமுட்டை வண்டியோடு வந்த ஒரு பெரியவர் விவரம் தெரியாமல் துண்டுக்குள் கையை விட்டார். தொட்டதுதான் தாமதம், தேள் கொட்டியதுபோல வெளியே இழுத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "காலையில அந்தக் கையால இன்னா வேல பாத்தன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினியா?"

பாய் கேட்ட கேள்வி

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் கேழ்வரகுக் கூழே இரண்டு வேளைதான் என்றாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்கு இருந்தது ஒரு கை. பூந்தமல்லி காதர் பாயிடம் போய், மாடு ஓட்டுகிற கூலி வேலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஆட்டு மாட்டு வியாபாரத்தில் தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவருடையது. என்னோடு பல வருஷம் துண்டுக்குள் கை கோத்தவர். "தேங்காய் உடைச்ச அன்னிக்கே வெரலு போச்சு, வேண்டிக்கினேன், அதுவும் நடக்கல. சாமி எனக்கு இன்னாதான் பண்ணுது பாய்? ஒண்ணுமே வெளங்கலியே" என்று அழுதே விட்டேன்.

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இத்தினி வருசமா உன் துண்டுக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாமத்தான் நாங்கல்லாம் மாட்ட உன்ன நம்பி வுட்டுட்டு நின்னோம். ஆண்டவன் துண்டு போட்டுப் பேசறப்ப மட்டும் நீ தூக்கிப் பாக்கணுமா ரத்தினம்?"

குத்தம்பாக்கத்து அம்மாள்

பாயின் கேள்வியால் வயிறு நிறையவில்லை. அவர் கொடுத்த கூலி வேலையால்தான் நிறைந்தது. மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனபோது ஒரு நாள், வேலமரத்தடியில் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். குத்தம்பாக்கம், பெயர் கண்ணம்மா. புருஷன் சண்டைக்குப் போய்ப் பர்மா பக்கம் எங்கோ இருந்தான். கடுதாசி நின்று போயிருந்தது. "அண்ணே, உனுக்கு வெரலு மடங்காதாமே?" என்றாள். இவளுமா என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை. "அப்டின்னா நீ வாயாலதான வெல பேசியாவணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் தரகு பார்த்தும் இது என் புத்தியில் ஏறவில்லை. பெண்பிள்ளை துண்டுக்குள் அந்நிய ஆணிடம் எப்படிக் கையைக் கொடுப்பாள்? அண்ணனோ கொழுந்தனோதான் கொடுக்க வேண்டும். அவன் வந்து சொன்னதுதான் விலை. இந்த மயிலையின் சோடியை அவள் கொழுந்தன்தான் விற்றுக் கொடுத்தான். உள்ளே பேசியது என்ன, இவள் கையில் வந்தது என்ன என்பது அவனுக்கும் அந்தத் துண்டுக்கும்தான் தெரியும். நான் தோளிலிருந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். மயிலையின் பல்லைக் காட்டி, சுழியைக் காட்டி, நட்டுக்கொண்ட விரலாலேயே சுட்டிக் காட்டி, தொண்டை கிழிய விலையைக் கூவினேன். தரகர்களெல்லாம் கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். வசவும் விழுந்தது. எவனும் விலை கேட்கவில்லை. நான் இன்னொரு தரம் கூவினேன். கடைசியில் ஒரே ஒரு குரல் வந்தது, வேறு மாடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த கேசவலுவின் குரல். அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, எல்லாம் ஊரறிய நடந்தது. மாடு படிந்தது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கண்ணம்மா சொன்னாள்: "போன தபா இதோட சோடிய வித்தப்ப இதே மரத்தடியில நின்னுகினு மாட்டு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். இன்னிக்குத்தான் அண்ணே என் மாட்டு வெல என் காதுல வுழுந்துச்சு."

கேசவலுவின் குறை

அடுத்த வாரம் கேசவலு மயிலையைப் பூட்டிய வண்டியில் ராஜா மாதிரி வந்து இறங்கினார். காளை எப்படி என்றேன். ஏரிக்கரை மேட்டைக்கூட மூச்சு வாங்காமல் ஏறுகிறது என்றார். அப்படியானால் சாமி உங்கள் வண்டிக்கும் வேலை செய்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்றேன். அவர் அவ்வளவு சுலபத்தில் மசிகிற ஆளா? காளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல மாடுதான், இல்லேங்கல. ஆனா இதுக்கோசரம் என்ன இத்தினி நாளு பட்டினி போட்டிருக்க வேணாம்னு நான் சொன்னதா அந்தச் சாமிகிட்ட சொல்லு."

பூசாரியின் சந்தேகம்

அதற்குப் பிறகு வேப்பம்பட்டு, திருமழிசைப் பக்கமிருந்தெல்லாம் பெண்பிள்ளைகள் மாடும் கன்றுமாக என்னைத் தேடி வந்தார்கள். சந்தையில் எனக்கு 'மடங்கா வெரலு' என்றே பெயராகிவிட்டது. ஆண்களிலும் கொழுந்தன்மார்களைத் தவிர மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். கண்ணம்மாவின் புருஷனிடமிருந்து மட்டும் கடுதாசி வரவில்லை. ஒவ்வொரு சந்தைக்கும் அவள் முகத்தைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்வேன். ஆண்டவன் போட்ட அந்தத் துண்டுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் பத்தரிடம் போய் வெள்ளியில் ஒரு விரல் செய்யச் சொன்னேன். விரல்தான் மடங்கவே இல்லையே, எதற்கு என்றாள் தாயாரம்மாள். எனக்கே சொல்லத் தெரியவில்லை. கோயிலில் தட்டில் வைத்ததும் பூசாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பத்தர் நேராகத்தான் செய்திருந்தார், என் விரல் மாதிரியே. பூசாரி அதையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார், குழம்பிப் போய்க் கேட்டார்: "மடங்கலியேன்னு ஆத்தாள திட்றியா, மடங்கலியேன்னு கும்புடுறியா?"

இரண்டும்தான் என்று ஆத்தாளுக்குத் தெரியும் என்பதால், வெள்ளி விரலை உண்டியலில் போட்டுவிட்டு, எங்களுக்குள் நடந்த பேச்சை மட்டும் வழக்கம்போலத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.