டாக்சி எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார்

காரை வாங்கியது நான். பொனெட்டைத் திறந்து பார்க்காமலே வாங்கியதும் நான்தான். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோருக்கும், தேநீர் ஆறுவதற்குள், என் கணவர் இதைச் சொல்லிவிடுகிறார்.

ஹனோவருக்கு வெளியே ஒரு கிராமத்தில், வயதான ஜெர்மன் பெண்மணி ஒருவரின் கொட்டகையில் அது படங்குத் துணி மூடிக் கிடந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். இந்த வகைக் காரை எவரும் அந்த முன்பக்கத்துக்குள் இருக்கும் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் உறுமலுக்காகத்தான் வாங்குவார்கள். பொனெட்டின் கம்பி அறுந்திருந்தது. திறக்க முடியவில்லை.

"உள்ளே எல்லாம் இருக்கிறது" என்றார் அந்தப் பெண்மணி. பொய் இல்லை. எல்லாம் இருந்தது.

வீட்டுக் கராஜில், நீண்ட ஸ்க்ரூடிரைவரை முன் கம்பி வலைக்குள் விட்டு நெம்பித் திறந்தேன். நான், கணவர், அப்பா மூவரும் குனிந்து பார்த்தோம். கல்யாண அண்டாவுக்குள் ஒற்றைத் தேங்காய் கிடப்பது போல நடுவில் ஒரு சின்ன எஞ்சின். வாகனப் பட்டறையில் வேலை செய்கிறவள் நான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பழைய டாக்சிகளில் ஓடிய நான்கு சிலிண்டர் டீசல்.

கணவர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. "என்னம்மா இது? பயில்வான் உடம்புக்குள்ள தாத்தாவோட ஹார்ட்ட வச்சுத் தெச்ச மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "பிள்ளை, உனக்கென்ன விசரே? கத்தரிக்காய் வாங்கேக்கையே நாலு தரம் திருப்பித் திருப்பிப் பாக்கிறனீ."

"ஓம் அப்பா. கத்தரிக்காய்க்குப் பொனெட் இல்லை."

கோபத்தோடு அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சாவகாசமாகக் கதை சொன்னார். இறந்துபோன கணவர் டாக்சி ஓட்டியவர். இவ்வளவு சத்தம் போடும் காரில் ஏற மாட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். மனைவியை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று மனிதர் தன் பழைய டாக்சியின் எஞ்சினைக் கழற்றி இதற்குள் பூட்டிவிட்டார்.

"பிறகு ஏறினீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. சத்தம் சும்மா சொன்ன சாட்டு. எனக்கு அந்தப் பச்சை நிறம்தான் பிடிக்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?"

எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நிறத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நியாயம்.

இருந்தாலும் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று தேடுவது என்று தீர்மானித்தோம். அதில் என்னைவிடக் கணவருக்குத்தான் வேகம். எஞ்சின் மாற்றினால் வாகனப் பரிசோதகர் சம்மதிக்க வேண்டும் என்பதால், நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதகர் தாடியைச் சொறிந்தார். டீசலைப் பூட்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் பழைய கார் விதிப்படி அதுவும் சரித்திரம்தான், வைத்திருந்தாலும் சரி, மாற்றினாலும் சரி என்றார். பிறகு, "அது ஓடுகிறதா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"ஓட்டிப் பார்க்காமலா தூக்கி எறியப் போகிறீர்கள்?"

திறந்து பார்க்காமல் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

அடுத்த சனிக்கிழமை டீசல் டாங்கியைக் கழுவி, வடிகட்டிகளையும் பேட்டரியையும் புதிதாகப் போட்டேன். முப்பது வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்ற பழக்கத்தில் தீப்பிடித்தால் மூட அப்பா ஈரச் சாக்கோடு காவல் நின்றார். சாவியைத் திருப்பினேன். முனகியது. மறுபடி திருப்பினேன். கராஜ் முழுக்கக் கரும்புகை. அதற்குள்ளிருந்து டக டக டக என்று சத்தம் வந்தது.

"ஐயோ, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு!" என்று கத்தினார் கணவர். கண் கலங்கியிருந்தது. புகையாகத்தான் இருக்கும். "இத மட்டும் கழட்டினீன்னா நான் ஊருக்கே போயிடுவேன், பாத்துக்க."

அத்தோடு எட்டு சிலிண்டர் பேச்சு முடிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் காருக்கு அடியில் கிடந்து துருவேறிக் கறள் தின்ற தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். பச்சையைச் சுரண்டிவிட்டுக் கருநீலம் அடித்தேன்.

வசந்தத்தில் பழைய கார்க்காரர்களின் கூட்டம் ஒன்றுக்கு மூவரும் போனோம். நாங்கள் உள்ளே வரும்போதே சத்தத்தைக் கேட்டுத் தலைகள் திரும்பின. பொனெட்டைத் திறந்ததும் சுற்றிலும் கூட்டம். பளபளக்கும் சிவப்புக் கார் வைத்திருந்த ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"இப்படி ஒரு காருக்கு இப்படிச் செய்வது பாவம்."

அப்பா தன் சமையலறை ஜெர்மனில் கேட்டார். "உங்கள் கார் எப்படி வந்தது?"

"டிரெய்லரில் ஏற்றித்தான்."

"எங்களது ஓடி வந்தது" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "வா பிள்ளை, பசிக்குது" என்றார்.

ஹனோவர்ப் பக்கம் மேடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. திரும்பி வரும்போது இருக்கிற ஒன்றில் ஏறினோம். நான் மிதியைத் தரையோடு அழுத்தினேன். சத்தம் மட்டும் கூடியது. பின்னாலிருந்து மணி அடித்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முன்கூடையில் நாய்க்குட்டியோடு, சைக்கிளில் எங்களைக் கடந்து போனார். நாய் திரும்பிப் பார்த்தது.

"அது கரண்ட் சைக்கிள்" என்றேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் கணவர்.