பாலத்தடியில் ஒரு காலி இடம்

யுத்தம் முடிந்த மறு வருஷம். நான் பம்பாய்க்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நாலு பேராக ஓர் அறையில் ஜாகை. தாதர் பாலம் தாண்டி ஒரு கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா உத்தியோகம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த ஊரில் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது சாப்பாடு அல்ல, மழையும் அல்ல. தெருதான். டிராம், மாடி பஸ், குதிரை பூட்டிய விக்டோரியா, ராணுவம் கழித்துவிட்ட லாரி, கைவண்டி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு போகும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. பி.ஏ. படித்தவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? பழைய புத்தகக் கடையில் மோட்டார்க்காரர்களுக்கான சாலை விதிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வாங்கி வந்து ஒரே வாரத்தில் நெட்டுருப் போட்டேன். என்னிடம் இருந்தது சைக்கிள்தான். ஆனாலும் திரும்பும் இடத்திலெல்லாம் விதிப்படி கையை நீட்டுவேன். நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பம்பாய்த் தெருக்களின் ஒழுங்கீனத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றும் வெளிவரவில்லை.

அன்று காலை ஆபீசுக்குப் போகும்போது பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்து நாற்சந்தியில் போலீஸ்காரர் கையை உயர்த்தியிருந்தார். டாக்சி ஒன்று, விக்டோரியா ஒன்று, பின்னால் ஒரு பஸ், எல்லாம் நின்றிருந்தன. அதிசயமாக, இடது ஓரத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. நிற்கக்கூடத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நுழைந்து, தெருவில் போட்டிருந்த நிறுத்தக் கோட்டைத் தொட்டாற்போல் சைக்கிளை நிறுத்தினேன்.

பின்னால் ஒரு குரல். "பாஜூ! பாஜூ!" ஒதுங்கு, ஒதுங்கு என்று. திரும்பிப் பார்த்தேன். மேலே பாதிச் சரிவில் தோல் கட்டுகள் ஏற்றிய கைவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒருவர் ஏர்க்காலைப் பிடித்திருந்தார். பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். ஒதுங்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் போலீஸ்காரரின் கை இறங்கவில்லையே. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நிற்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாரம் ஏற்றிய கைவண்டிக்குச் சரிவில் நிற்கத் தெரியாது. அதனால்தான் அத்தனை பேரும் அந்த ஓரத்தை விட்டுவைத்திருந்தார்கள். போலீஸ்காரரும் அதை மட்டும் கண்டுகொள்ளாமல் போக விடுவாராம். என் புத்தகத்தில் இது இல்லை.

கடைசி நொடியில் முன்னால் இருந்தவர் ஏர்க்காலை ஒடித்துத் திருப்பி வண்டியை நடைபாதைக் கல்லில் மோதவிட்டார். சக்கரம் உடைந்தது. கட்டுகள் சரிந்தன. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவர் வலது கால். என் சைக்கிளில் ஒரு கீறல் இல்லை. "ஐயோ அம்மா" என்று கத்தினது நான்தான்.

அதைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். கால் பெருவிரலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"தமிழாளாய்யா நீங்க? நான் போட்ட சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"

திருநெல்வேலிக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. தோல் கட்டுகளைப் பார்த்தால், தோல் பதனிடும் தாராவியில் இருப்பவர். கோபமே இல்லாமல் கேட்டார். கயிறு பிடித்தவர் அவர் மச்சான். மச்சான் சும்மா விடவில்லை.

"கேக்காம என்ன வே? குதிரைக்கே கேட்டு ஒதுங்கி நிக்கி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டவரு காதுக்கும் ஒண்ணு வாங்கிப் போடப்படாதா?"

அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது. என் பெயர் அதில் ஏறினால், ஆபீசுக்குத் தெரிந்தால், நிரந்தரம் ஏது?

"கேக்கலை" என்றேன்.

கால் நசுங்கியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம் தாமாகவே இந்தியில் பேசினார். பாபு ஊருக்குப் புதுசு, அவர் காதில் விழவில்லை, நான் இன்னும் பலமாகக் கத்தியிருக்கவேண்டும், தப்பு என்மேல்தான் என்றார். போலீஸ்காரருக்கும் அது சௌகரியமாக இருந்தது. கைவண்டியின் நம்பர்த் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். தகடு இல்லாமல் வண்டி தெருவில் இறங்கக்கூடாது.

என் கைக்குட்டையை நீட்டினேன். "வெள்ளையா இருக்கு, வைங்கய்யா" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டைக் கிழித்து விரலில் கட்டிக்கொண்டார். மச்சான் என்னைப் பார்க்காமல் முதல் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். இவர் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி பின்னால் போனார். நான் ஆபீசுக்கு நேரம் தவறாமல் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பாலத்தில் இறங்கும்போது பின்னால் அந்தக் குரல். முன்னைவிட இரண்டு மடங்கு பலம். சட்டென்று சைக்கிளை நடைபாதைமேல் ஏற்றிவிட்டேன். புதுச் சக்கரத்தோடு வண்டி என்னைக் கடந்தது. அவர் இன்னும் சற்று நொண்டிக்கொண்டுதான் ஓடினார். என்னை அடையாளம் கண்டு, ஓட்டத்திலேயே திரும்பிச் சிரித்தார்.

"இப்பக் கேக்குதாய்யா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் காதில் விழவேண்டுமே என்று நிஜமாகவே கூடுதலாகக் கத்தியிருந்தார் அந்த மனிதர். தலையை ஆட்டினேன். வண்டி நிற்கவில்லை. சரிவில் அதற்கு நிற்கத் தெரியாது.

உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது. விதிப் புத்தகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்று பம்பாய்த் தெருவில் யார் குரல் கொடுத்தாலும் நான்தான் முதலில் ஒதுங்குகிறவன். ஒதுங்கும்போதெல்லாம், அவரிடம் சொல்லாமல் விட்ட பதில் தொண்டைவரை வந்து நிற்கிறது: அன்றைக்கும் கேட்டது, ஐயா, நன்றாகவே கேட்டது.