இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தது நான்தான்

அறுபத்தெட்டு வயதில் நான் மறுபடியும் மாணவனானதற்குக் காரணம் அறிவுத்தாகம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அது பொய். ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடு இருக்கிறான் என்பதை வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்று முறை முயன்றும் என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஓடிபி வரும்போது கண்ணாடி கையில் இருக்காது. கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தால் ஓடிபியின் ஆயுள் முடிந்திருக்கும். நான் ரோபோ அல்ல என்று காட்டுவதற்காக, படத்தில் சிக்னல் விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. காளவாசல் சிக்னலில் நின்றே வாழ்நாளில் ஒரு பங்கைக் கழித்தவன் நான். ஆனாலும் விளக்கு மட்டும்தானா, கம்பமும் சேர்த்தியா என்று யோசித்து யோசித்துத் தோற்றேன். நாலாவது முறை மருமகள் அரை நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள்.

"போதும் மாமா, நீங்க உயிரோடதான் இருக்கீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுவாரமே காளவாசலில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு காலையில் வகுப்பு. ஐந்து கம்ப்யூட்டர்கள், ஆளுக்கு ஒன்று. எனக்கு மூன்றாம் நம்பர். முதல் மாதம் முழுவதும் மவுசோடு மல்லுக்கட்டினேன். அம்புக்குறி திரையின் ஓரத்துக்குப் போய்விட்டால், மவுசைக் கையில் தூக்கிக் காற்றில் நகர்த்துவேன். இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டச் சொன்னால், இரண்டு தட்டுக்கும் நடுவே ஒருவர் காபி குடித்துவிட்டு வரலாம். என்னைவிட நாற்பது வயது இளையவரான டீச்சர், "அவசரமில்ல சார், மெதுவா" என்பார். அதைவிட மெதுவாக எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தது அவனியாபுரத்திலிருந்து வரும் ஓர் அம்மா. நாற்பது வயது இருக்கும். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் உதவியாளர். மணி அடிப்பது, பேப்பர் எடுத்துக் கொடுப்பது என்று பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. அந்தப் பள்ளியில் கிளார்க் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஆயுத பூஜை வரும் மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் சான்றிதழோடு வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் வெளியாளைப் போடுவோம் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை வகுப்பில் எல்லோரிடமும் அவரே சொல்லியிருந்தார். எங்களுக்கெல்லாம் சான்றிதழ் ஓர் அலங்காரம். அவருக்கு அதுதான் சோறு.

நாலாம் நம்பர் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. சென்டரில் பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது, வைரஸ் வந்துவிடும் என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அவன் மட்டும் சட்டைப் பையில் ஒன்று வைத்திருப்பான். இணையத்திலிருந்து பாட்டு இறக்கி ஆட்டோவில் போடுவதற்கு.

"அண்ணே, பாட்டு இல்லேன்னா அவனியாபுரம் ட்ரிப்புக்கு ஒருத்தனும் ஏற மாட்டேங்கிறான்" என்பான் என்னிடம். அவனுக்கு அப்பா வயது எனக்கு. அண்ணே என்று அவன் கூப்பிட்டது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அம்மா விதியை மீறாதவர். ஆறு வாரமாகத் தன் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், கடிதங்கள் என்று ஒரு ப்ராஜெக்டை அடித்துக்கொண்டிருந்தார். அடித்தது முழுவதும் அந்த இரண்டாம் நம்பருக்குள் மட்டுமே இருந்தது. மெயிலில் அனுப்பி வைக்கும் பாடம் கடைசியில்தான் வரும். ஆறு மாதமும் அவர் தன் கோப்புகளுக்குப் பெயர் வைத்ததில்லை. கம்ப்யூட்டர் தானாக வைத்த 'புக் ஒன்', 'புக் டூ', 'நியூ ஃபோல்டர்' என்பதோடு விட்டுவிடுவார்.

இப்போது என் பெருமையைச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தக் கதையில் குற்றவாளி. நான் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். சரித்திரத்தில் எம்.ஏ. கரையான் அரித்த கட்டுகளை வகைபிரித்து, எண்ணும் பொருளும் எழுதி, அலமாரியில் ஏற்றியவன். பொருள் எழுதாத கோப்பு கோப்பே அல்ல என்பது என் வேதம். அதே வேதத்தில் இன்னொரு வரியும் உண்டு: பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்து வாங்காமல் ஒரு தாளைக்கூட அழிக்கக் கூடாது. முதல் வரி மட்டும் ஞாபகம் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சென்டரைச் சுத்தம் செய்ய டீச்சர் ஆட்களைக் கூப்பிட்டார். வேலையில்லாதவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் போனேன். தூசி தட்டினேன், ஒயர்களைத் துடைத்தேன், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். கடலை மிட்டாய்த் துகள் கொட்டியது. டீச்சர் வாழைக்கன்றுக்கும் பொரிக்கும் போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நம்பரின் திரையைப் பார்த்ததும் கை பரபரத்தது. எண் இல்லை, பொருள் இல்லை, அனாதைக் கோப்புகள் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. வெளியே மட்டும் துடைத்தால் பூஜையா? உள்ளேயும் துடைக்க வேண்டாமா?

கம்ப்யூட்டரில் நான் முழுமையாகக் கற்றுக்கொண்ட வித்தைகள் இரண்டு. ஒன்று, கோப்பைப் பிடித்து இழுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது. மற்றொன்று, அந்தத் தொட்டியைக் காலி செய்வது. கை நடுங்காமல் இரண்டையும் செய்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது. நிச்சயமாக என்றேன். பளிச்சென்று ஆன திரையைக் கொஞ்ச நேரம் ரசித்தேன். டீச்சரிடம் காட்டிப் பாராட்டு வாங்க நினைத்தேன். அவர் போனை வைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பூஜை. ஐந்து கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். வயதில் பெரியவன் என்று என்னையே பொட்டு வைக்கச் சொன்னார்கள். அந்த அம்மா ப்ராஜெக்டுக்காகக் கையால் எழுதி வைத்திருந்த நோட்டை இரண்டாம் நம்பருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். ஆட்டோத் தம்பி பென் டிரைவுக்கும் ஒரு பொட்டு கேட்டான். வைத்தேன். வாசலில் பூசணிக்காயை உடைத்தான். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை எடுக்கும் வரை தொடக் கூடாது என்பது வழக்கம். எனவே ஒரு நாள் முழுக்க எந்தக் கம்ப்யூட்டரும் வாய் திறக்கவில்லை. நான் நிம்மதியாகப் பொரி தின்றேன்.

விஜயதசமி காலை. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தேர்வு. அந்த அம்மா கடைசி இரண்டு பக்கத்தை முடிக்க வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். பிறகு திரையின் மேல் இருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தார், அதற்கடியில் இருக்குமோ என்பதுபோல.

"டீச்சர், இங்கன இருந்தது அம்புட்டும் எங்க டீச்சர்?"

டீச்சர் ஏதேதோ மென்பொருள் இறக்கித் தேடினார். சில கோப்புகள் வந்தன. திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது, எழுத்து இல்லை. அந்த அம்மா போனை எடுத்துத் தன் அம்மாவிடம் வீட்டு மொழியில் பேசினார். சௌராஷ்டிரம். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"வைரஸ்தான்" என்றார் டீச்சர். எல்லோரும் நாலாம் நம்பரைப் பார்த்தார்கள்.

"டீச்சர், சாமி சத்தியமா என் பென் டிரைவ்ல பாட்டு மட்டுந்தான். வைரஸ் ஏறுறதுக்கு அதுல எடமே இல்ல. அக்கா, நான் உங்க மிஷினுப் பக்கமே வரலக்கா."

"பேசாத தம்பி" என்றார் அந்த அம்மா. "உனக்குப் பாட்டு. எனக்குப் பொழப்பு."

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

நான் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முந்தாநாள் டீச்சர் போனை வைக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. அவன் பையை எடுத்துக்கொண்டு, "நான் வாரேன்" என்று படியிறங்கிப் போனான். அன்று திரும்பி வரவில்லை.

உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக நான் செய்தது என்ன தெரியுமா? உபகாரம். "கவலைப்படாதம்மா, நோட்டு இருக்குல்ல? நான் வாசிக்கிறேன், நீ அடி" என்றேன். அன்று முழுக்கவும் மறுநாளும் நான் வாசிக்க அவர் அடித்தார். நோட்டின் முனையில் பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாணவர்களின் பெயர், வந்த நாள், வராத நாள். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி புளியோதரையை எனக்கு மூடியில் வைத்தார்.

"நீங்க இல்லேன்னா நான் என்ன செஞ்சிருப்பேனோ சார்" என்றார்.

நான் இல்லையென்றால் என்ன செய்திருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி இரண்டு பக்கத்தை அடித்துவிட்டு விஜயதசமி மத்தியானமே வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

மறுநாள் மாலை நாலு மணி இருக்கும். "அந்த ஆட்டோக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கிறான். நாளைக்குப் பரீட்சைக்கும் வர மாட்டான் போல" என்றார். "ரொம்பப் பேசிட்டேனோ?"

அப்போதுதான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. பதிவறையிலிருந்து ஆரம்பித்தேன். பொருள் எழுதாத கோப்பு, ஆயுத பூஜை, உள்ளேயும் துடைப்பது என்று ஒரு விளக்க அறிக்கையே கொடுத்தேன். அவர் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

"வைரஸ் இல்லியா?"

"நான்தாம்மா."

"தெரிஞ்சுமா ரெண்டு நாளா உக்காந்து வாசிச்சீங்க?"

"ஆமாம்மா."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"வாசிங்க சார். இன்னும் பதினோரு பக்கம் இருக்கு. ஏழு மணிக்குப் பூட்டிருவாங்க."

வாசித்தேன். அதன் பிறகு தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கோப்பைச் சேமித்து, அதற்குப் பெயர் வைத்தார். டீச்சரை அழைத்து, மெயிலில் அனுப்புவது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு, "தம்பிக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படியிலேயே நின்று போட்டேன். என் போனை எடுத்தான். எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பாட்டுதான் கேட்டது.

"பொட்டு வச்சீங்களேண்ணே" என்றான். "என் பென் டிரைவுக்கு நீங்கதானண்ணே பொட்டு வச்சீங்க."

பரீட்சைக்கு வந்தான். என் பக்கம் திரும்பாமல் நாலாம் நம்பரில் உட்கார்ந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் வந்தார். கோப்பை அழிப்பதற்கும் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் திணறியிருப்பேன். இதற்கு ஐந்து நிமிடம் தங்குதடையில்லாமல் பதில் சொன்னேன். அவர் அசந்துபோனார்.

"நல்ல அனுபவம் இருக்கும் போலயே ஐயாவுக்கு?"

"அதுல சார் எக்ஸ்பர்ட்டு" என்றார் அந்த அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நாலாம் நம்பரில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் வந்தது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது கிளார்க். அதை எனக்குச் சொன்னது டீச்சர்தான். அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் ப்ராஜெக்டுக்குத் தேர்வாளர் மொத்த மதிப்பெண்ணில் முக்கால் பங்குதான் போட்டார் என்றும் டீச்சர் சொன்னார். அவசரத்தில் அடித்ததில் ஒரு வகுப்புக்கு வருகையைக் கூட்டிப் போட விட்டுப்போயிருந்ததாம். அந்தப் பக்கத்தை வாசித்தது நான். கூட்டுத்தொகையை வாசிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு டீச்சர் போன் செய்தார். பழைய மாணவர்கள் எல்லோரும் வருகிறார்களாம், அந்த அம்மாவும் வருகிறாராம்.

"வாங்க சார். பொட்டு வைக்க ஆள் வேணும்" என்றார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது போல, பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய மட்டும் சார்" என்றார்.

போனேன். ஐந்துக்கும் பொட்டு வைத்தேன். இரண்டாம் நம்பரை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். அணைக்கலாமா என்று கை போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலில் நின்ற அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இத நீயே வந்து நிறுத்திரு."

அவர் வந்து நிறுத்தினார். போகும்போது ஒரு கை பொரியை என் கையில் போட்டுவிட்டுப் போனார்.