பின்வளவில் ஒரு வில்

தேன்மெழுகு வாசம்...

நாணில் மெழுகைத் தேய்த்துவிட்டு, விரலால் ஒரு தரம் மெல்லச் சுண்டிப் பார்ப்பார் என் கணவர். 'டும்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் அடுப்படியில் எனக்கு வேலை ஓடாது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குடியில் எங்கள் வீடு. உம்மா மௌத்தாகியிருந்தார். வாப்பாவும், புதிதாகக் கல்யாணம் முடித்த நானும் இவரும் மட்டும்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார்.

இவர் அம்பாறைப் பக்கம் வாய்க்கால் திருத்த வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு ஜீப் ஓட்டினார். பின்னேரங்களில் இஞ்சினியரும் மனைவியும் குவாட்டர்ஸுக்குப் பின்னால் அம்பு விடுவார்களாம். அம்பு பொறுக்கப் போன இவரும் பழகிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது அந்த அம்மா தன் வில்லை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதே அது பழைய வில். கறுப்பும் மஞ்சளுமாக மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. யாரோ பிடித்துப் பிடித்து, கைபிடி வழுவழுவென்று இருக்கும். நாணைக் கழற்றினால் முனை இரண்டும் எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும்.

"இதென்ன மச்சான், ஆரோ மாறி வளைச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"அந்த வளைவுலதான் புள்ள இதுட விசையே இருக்கு" என்றார்.

வைக்கோலைச் சாக்கில் அடைத்து, வீட்டுக்குப் பின்வளவு வேலியோரம் குறியாகச் சாத்தி வைத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வாப்பா வயலால் வருவதற்குள் எனக்கும் ஒரு தரம், இரண்டு தரம் விடத் தருவார்...

அந்த வில்லில் குறி பார்க்கக் கம்பி, கண்ணாடி ஒன்றும் கிடையாது. நாணைக் கடைவாய் வரை இழுத்து, போக வேண்டிய இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். கையைப் பார்த்தால் தவறும். அம்பைப் பார்த்தாலும் தவறும். சோறு, கறி, கோழி, கிணறு என்று முழு நாளும் யாராவது, எதுவாவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த காலம். நாணை இழுத்து நிற்கிற அந்த ஒரு மூச்சு நேரம் மட்டும் உலகத்தில் ஒருவரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

வாப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தது. சின்ன வயதில் நான் களவாகச் சைக்கிள் பழகியதற்கு, சைக்கிளையே விற்றுவிட்ட மனுசன் அவர்.

ஒரு நாள் நாண் என் விரலில் சறுக்கி, அம்பு வேலிக்கு மேலால் போய்விட்டது. பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குப் பிறகு பக்கத்து வளவு மைமூன் லாத்தா அம்போடு வந்து நின்றார்.

"இந்தாங்க காக்கா, உங்கட மருமகன்ட சாமான். என்ட கோழிக்கூட்டுல குத்தி நிண்டிச்சு. கோழி தப்பினது அல்லாஹ்ட காவல்."

வாப்பா இவரைப் பார்த்தார்.

"நான்தான் மாமா. கை தவறிப் போச்சு" என்றார் இவர், கண் இமைக்காமல்.

இராச் சாப்பாட்டுக்கு நான் சோறு போட்டேன். என் சட்டைக் கை மேலே ஏறியது. இடது முழங்கைக்குக் கீழே, நாண் அடித்து அடித்து நீலம் பாரித்துக் கிடந்த இடம் நன்றாகத் தெரிந்தது. வாப்பா அதைப் பார்த்தார். பிறகு இவருடைய கையைப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. சாப்பிட்டுக் கை கழுவ எழும்பிவிட்டார். சைக்கிள் போன வழியில் வில்லும் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஒரு மாட்டு வண்டில் நிறையத் தென்னோலைக் கிடுகும் கம்பும் வந்து இறங்கின. இவர் வேலைக்குப் போயிருந்தார். வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே வேலியைப் பிரித்து உயர்த்திக் கட்டத் தொடங்கினார்.

"என்ன காக்கா, ஆடு பாயுதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து மைமூன் லாத்தா கேட்டார்.

"ஓம்... ஆடுதான்" என்றார் வாப்பா.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்தது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கையில ஒரு சீலைத்துண்டச் சுத்திப்போட்டுப் புடி மகள். இப்பிடி நீலம் பாரிக்க உடாத."

அடுப்படிக்குள் போய் அழுதேன். சந்தோசத்தில்தான்.

அதன் பிறகு அஸர் தொழுதால் வாப்பா நேரே சந்திக்குப் போய்விடுவார். அங்கே வேலை இருக்கிறதோ இல்லையோ போவார். திரும்பி வரும்போது வாசல் படலைக்கு வெளியிலேயே நின்று பலமாக ஒரு செருமல். நான் வில்லை வைக்கிற வரைக்கும் உள்ளே வரமாட்டார்.

சில வருடங்களில், ஒரு கோடைச் சூட்டில் வில் ஒட்டு விட்டுப் பிளந்துபோனது. அதற்கு முன்னமே வாப்பா போய்விட்டார்.

இப்போது என் பேத்தி பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுகிறாள். அவள் பந்தைப் போட்ட கையோடு குடும்பக் குரூப்பில் வீடியோ வந்து விழுகிறது. கட்டாரில் இருக்கிற தகப்பன் வேலை இடத்திலிருந்தே பார்த்து இதயம் போடுகிறான். பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

என் வாப்பா நான் ஒரு அம்பு விட்டதைக்கூடப் பார்த்ததில்லை. வந்து பாருங்க என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

நான் நல்லாத்தான் விட்டேன் வாப்பா...