வெட்டி எறிந்த பாதி

பழைய இதழ்களில் வந்த விளம்பரங்களைச் சேர்ப்பது எனக்கொரு பைத்தியம். புத்தளத்தில் என் வீட்டு முன்னறைச் சுவர் முழுக்கச் சோப்பும் தேயிலையும் பிஸ்கட்டும்தான்.

ஒருமுறை, எப்போதோ மூடப்பட்ட பால்மாக் கம்பனியொன்றின் விளம்பரம் கிடைத்தது. இடப்பக்கம் டின், வலப்பக்கம் ஒரு குழந்தை. குழந்தையிருந்த பக்கம் ஈரம்பட்டுக் கறையாகியிருந்ததால் அதை வெட்டி எறிந்துவிட்டேன். டின்னுக்கு மட்டும் பிரேம் போட்டு, படமெடுத்து, அந்தப் பால்மாவின் வரலாற்றோடு முகநூலில் பதிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, அதைப் பார்த்துவிட்டு நுரைச்சோலையிலிருந்து ஒரு பெண் தன் வயதான தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இதுக்குப் பக்கத்தில ஒரு புள்ள இருந்திச்சே தம்பி, எங்க?" என்று தாய் கேட்டார்.

"அது பழுதாப் போயிருந்திச்சு உம்மா. வெட்டி வீசிட்டேன்."

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் சொன்னாள்:

"அது எங்கட நானா, உம்மாட மூத்த புள்ள. சின்னதில அவர வெச்சுத்தான் கம்பனிக்காரங்க படமெடுத்தாங்க. தொண்ணூறில இயக்கக்காரங்க முஸ்லிம் ஆக்கள மன்னாரை விட்டு வெளியேத்தக்குள்ள எங்கட வீட்டாக்கள் உடுத்த உடுப்போடதான் வந்தாங்க. அந்த வருசமே நானா காய்ச்சல்ல மவுத்தாகிட்டார். அவர்ட படம் ஒண்டும் எங்கக்கிட்ட இல்ல."

 உம்மா எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பிரேமின் கண்ணாடியில் விரலை வைத்தார். டின்னின் ஓரத்தில், அதைப் பிடித்தபடி மூன்று சின்ன விரல்கள் மிஞ்சியிருந்தன. அதுவரை நான் அவற்றைக் கவனித்ததே இல்லை.

"அவன்ட கைதான்," என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். என்னை ஒரு சொல்லும் ஏசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

டின்னின் நிறம் எத்தனை தடவை மாறியது என்றுகூடத் தேடி எழுதியவன் நான். அந்தக் குழந்தை யாரென்று ஒரு கணமும் நினைக்கவில்லை. அதே இதழின் இன்னொரு பிரதியை இன்றும் தேடுகிறேன். கிடைக்கவில்லை.