ஹனீபா நானா கூட்டத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

ஹனீபா நானா மௌத்தாகிவிட்டார்.

காலையில் உழவு மிசினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அவருடைய மகன் போன் கோல் எடுத்துச் சொன்னார். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம்.

சிலாவத்துறையில் தகரக் கொட்டில் போட்டு உழவு மிசின் திருத்திய மெக்கானிக் அவர். முசலிப் பக்கம் வயல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாத நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நறுவிலிக்குளத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு பழைய மிசின் இருக்கிறது. என்னைவிட வயது கூட. அதற்கு நான்தான் டிரைவர்.

அவர் முதன்முதல் வந்தது கியர் பிரச்சினைக்கு. லோட் ஏறினால் மூன்றாம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். வேறு இரண்டு பேர் பார்த்துவிட்டு, கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "டிரைவர் ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான் நானா."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஆம்பிளைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்ப சொல்லுங்கோ தங்கச்சி. ஏத்தத்திலயோ, இறக்கத்திலயோ கழருது?"

அதுவரை வந்த ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

பெட்டியின் மேல்மூடியை மட்டும்தான் கழற்றினார். கியரைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங் ஒன்று முறிந்து கிடந்தது. அதை மாற்றினார், பின்னேரமே உழவுக்குப் போனேன்.

அடுத்த காலபோக விதைப்பு தொடங்கும்போது வேறு வில்லங்கம். பின்சில்லுப் பக்கம் ஆயில் ஒழுகி பிரேக்குக்குள் இறங்கியது. நானா வந்து ஆயிலை மறிக்கிற ரப்பர் சீல் மாற்றினார். திரும்பவும் ஒழுகியது. இன்னொரு தரம் மாற்றினார்... திரும்பவும்.

ஒருநாள் குளக்கட்டுச் சரிவில் பிரேக் பிடிக்கவே இல்லை. பின்னால் ட்ரெயிலரில் விதைநெல் மூட்டைகள், மூட்டைக்கு மேல் சங்கத்துப் பெண்கள். எஞ்சினைக் குறைத்து, கியரிலேயே இழுத்துப் பிடித்து, பற்றைச் செடிகளுக்குள் விட்டு நிறுத்தினேன். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ஆனால் கதை வேறு மாதிரிப் பரவியது. கிளச்சில் காலை வைத்தபடியே ஓடுகிறாளாம், கியரை இடித்துப் போடுகிறாளாம், பொம்பிளையிடம் மிசினைக் கொடுத்தால் இப்படித்தானாம். ஞாயிறு பூசை முடியக் கூட்டம் வைத்து, மிசினைச் சங்கத் தலைவியின் தம்பியிடம் கொடுப்பது என்று பேச்சு.

சனிக்கிழமை நானாவைக் கூப்பிட்டேன். வந்தார்.

"முதல்ல கழுவுவம். ஊத்தையோட பார்த்தா எல்லா இடமும் ஒழுகிற மாதிரித்தான் தெரியும்."

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்தோம். துடைக்கும்போது சொன்னேன், "நானா, தொடங்கி ஓடேக்க ஒரு சொட்டும் வராது. நல்லாச் சூடேறினாப் பிறகுதான் ஒழுகுது."

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

மிசினைச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். பிறகு மேலே ஏறி, சீற்றுக்கு அடியில் கையை விட்டு ஒரு போல்டைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று வந்தது.

போல்டைக் கழற்றி எடுத்து எனக்குக் காட்டினார்.

"பெட்டி மூச்சு விடுற ஓட்டை இது. இதின்ட மூடி உடைஞ்சு கிடந்திச்சு. ஸ்பிரிங் மாத்தின அண்டைக்கு, சேறு போகக்கூடாதெண்டு நான்தான் இந்த போல்டைப் பூட்டினன். பிறகு வந்து மூடி போட மறந்திட்டன். உள்ளுக்குச் சூடாகிற காத்துக்குப் போக வழியில்லை, அதுதான் ஆயிலைத் தள்ளுது. எத்தினை சீல் போட்டாலும் நிக்காது."

புது மூடி பூட்டினார். பிரேக்கைக் கழற்றித் துப்பரவாக்கினார். மிசினைக் கொண்டுபோய் வயலைச் சுற்றி ஓடிவிட்டு வந்தேன். பின்சில்லுப் பக்கம் காய்ந்து கிடந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போல்டைப் பற்றி எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்க, வெள்ளைச் சேர்ட்டும் சாறமுமாக நானா வந்து வாசலில் நின்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. தலைவி கதிரை கொடுத்தார், இருக்கவில்லை.

"மிசின் பழுதானது என்ட பிழையால. இந்தத் தங்கச்சியின்ட பிழை இல்லை. சீலுக்கு எடுத்த காசையும் திருப்பித் தாறன்."

போல்டின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

தலைவியின் தம்பி விடவில்லை. "அப்ப இவ ஓடின ஓட்டத்தில ஒரு குறையும் இல்லையோ?"

"பிரேக் இல்லாத மிசினை, ஆக்களோட, குளக்கட்டுச் சரிவில நிப்பாட்டினவ. என்னாலயெண்டா ஏலாது தம்பி. எங்க பிழையெண்டு பிடிச்சுத் தந்ததும் அவதான். நான் சும்மா சீல் மாத்திக்கொண்டு திரிஞ்சனான்."

தலைவி, கூட்டம் தொடங்க முதல் என்னிடம் வாங்கி வைத்த மிசின் சாவியை எடுத்து என் கையில் தந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

இன்று மறிச்சுக்கட்டியில் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்தார்கள். நான் யாரென்று சொல்ல முதலே அவருடைய மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

"நறுவிலிக்குளத்து டிரைவரோ? கொட்டிலுக்கு வாற ஆக்கள் எல்லாருக்கும் உங்கட கதைதான் சொல்லுவார். என்ட பிழையையே பிடிச்ச பிள்ளை எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

நானும் அவருடைய கையை விடாமல் பக்கத்தில் இருந்தேன்...

வரும் வழியில் எங்கள் மாதா கோவிலில் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன் நானா. கோவிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அல்லாஹ்விடம் சுகமாகப் போய்ச் சேருங்கோ.