பையைக் கொஞ்சம் பிடிங்க சித்தி

தீம் பார்க்குக்குப் போவதென்று முடிவானதிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை சட்டசபை ஆகிவிட்டது. என் கணவரின் அண்ணன் போனில் பார்க்கின் இணையப் பக்கத்தைத் திறந்து, 'உங்கள் குடும்பம் ஆவலோடு எதிர்பார்க்க வேண்டிய அனுபவங்கள்' என்ற பகுதியைத் தினமும் உரக்க வாசிப்பார். பட்ஜெட் வாசிக்கிற மந்திரிக்குக்கூட அவ்வளவு தோரணை வராது. அலைக்குளம், பேய் பங்களா, இருட்டுக் குகைக்குள் படகு, எல்லாவற்றுக்கும் மேலே 'ராட்சசன்' என்ற ரோலர் கோஸ்டர். கேட்கிறவர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணனின் பிள்ளைகள் இருவருக்கும் எல்லாமே வேண்டும். அண்ணனின் மனைவிக்கு அலைக்குளம். என் கணவருக்கு ராட்சசன். வீட்டில் ஒரு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பவர், தலைகீழாகத் தொங்குவதற்கு மட்டும் தயாராக இருந்தார். என் மாமியாருக்கு ஏசி இருந்தால் போதுமாம்.

சித்தியை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவருக்கான அனுபவத்தைக் குடும்பம் எப்போதோ தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. மரத்தடியில் ஒரு பெஞ்ச், மடியில் எல்லார் பைகளும்.

சித்தி என் மாமியாரின் தங்கை. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருக்கிறார். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் வாசலில், பைகளை வாங்கி வைக்கும் கவுண்டரில் வேலை. முதுகுக்குப் பின்னால் புறாக்கூடு போல அடுக்கடுக்காகக் கட்டங்கள். வருகிறவர்கள் பையைக் கொடுத்தால், "உள்ள பணம், நகை, போன் இருந்தா எடுத்துக்குங்க" என்று சொல்லி, கட்டத்தில் வைத்து, நம்பர் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். என் கணவரும் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அங்கே சேர்ந்துவிட்டதால் அவர்களுக்கு அவர் 'டோக்கன் சித்தி'. கடையில் பைக்குப் பதிலாக ஒரு டோக்கன், மாதம் பிறந்தால் சம்பளம், உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி எல்லாம் உண்டு. வீட்டில் அந்த வசதி எதுவும் கிடையாது.

ஏனென்றால் வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரைப் பார்ப்பது மற்றவர்கள், வராந்தாவில் ஃபைலோடும் ஃபிளாஸ்கோடும் உட்காருவது சித்தி. கடற்கரைக்குப் போனால் அலையில் ஆடுவது மற்றவர்கள், செருப்புக்குக் காவல் சித்தி. 'யாராவது ஒருத்தர் பாத்துக்கணுமே' என்பது எங்கள் குடும்பத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அந்த யாராவது ஒருத்தர் யார் என்று நாலு வயதுக் குழந்தையைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடும். அவருக்கு வரன் பார்க்கிற வயதில் அக்காவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம். யாராவது ஒருத்தர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே? குழந்தைகள் வளர்ந்து முடித்தபோது சித்திக்கு நாற்பது தாண்டிவிட்டது. "அவளுக்கு அதுல எல்லாம் ஆசையே இல்ல" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார்.

என் கல்யாணத்தன்று அவரை நான் மேடையில் பார்க்கவே இல்லை. புடவை மாற்ற மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன், பூட்டிய அறைக்கு வெளியே ஒரு பெட்டியின் மேல் சாவியோடு உட்கார்ந்திருந்தார். "வாம்மா, நல்லா இருக்கியா?" என்றார். கல்யாண ஆல்பத்தில் வாடகைப் பந்தலின் மின்விசிறிகூட மூன்று படத்தில் இருக்கிறது, சித்தி ஒன்றிலும் இல்லை.

மாமியாருக்கு ஏன் யாரும் பை கொடுப்பதில்லை என்று புதிதாக வந்த நான் கணவரிடம் கேட்டேன். ஒரு காலத்தில் ஏதோ பொருட்காட்சியில் அவரிடம் கேமராப் பையைக் கொடுத்துவிட்டு ராட்டினத்தில் ஏறினார்களாம். இறங்கி வந்து பார்த்தால் அத்தை அசந்து தூங்குகிறார், பையைக் காணோம். அன்றோடு அவருக்கு விடுதலை. ஒரே ஒரு பையைத் தொலைத்து, ஆயுசுக்கும் கையை வீசிக்கொண்டு நடக்கும் உரிமை வாங்கிய கெட்டிக்காரி. சித்தி இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொலைக்கவில்லை, பாவம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவது என் பிழைப்பு. அதனால் எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம். இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, வாயை அடக்கித்தான் வைத்திருந்தேன்.

பார்க் வாசலில் வேன் நின்றதும் ஆவலோடு எதிர்பார்த்த அனுபவங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. இணையப் பக்கத்தில் போடாமல் விட்ட முதல் அனுபவம், டிக்கெட் வரிசை. இரண்டாவது, டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போவதற்கான வரிசை. உள்ளே போனதும் இடது பக்கம் லாக்கர் அறை இருந்தது. நான் நின்றேன்.

"ஒரு லாக்கர் எடுத்து எல்லாத்தையும் உள்ள போட்டுடலாமே" என்றேன்.

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சித்தி இருக்கும்போது லாக்கர் எதுக்கும்மா?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் ஜோக் அடிக்கவில்லை. சித்தி பாட்டுக்கு முதுகில் ஒன்று, தோளில் மூன்று, கையில் தண்ணீர் கேன் என்று நடந்துகொண்டிருந்தார்.

அலைக்குளத்தில் மற்றவர்கள் குதித்தபோது எனக்குத் தண்ணீர் பிடிக்காததால் சித்தியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். தூரத்தில் ராட்சசன் தெரிந்தது. பெட்டிகள் மெதுவாக உச்சிக்கு ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே கீழே விழும். விழும்போது எல்லாருடைய அலறலும் ஒரே குரலாக வரும். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதுல ஏறப்போறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிஜமாவா சித்தி? பயமா இல்லையா?"

"இவங்க எல்லாரும் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து என்கிட்டதான் சொல்லுவாங்க. வயித்துல ஒரு மாதிரி பண்ணுச்சு, வயித்துல ஒரு மாதிரி பண்ணுச்சுன்னு. நானும் ஆமா ஆமான்னு கேட்டுட்டு துண்டை எடுத்துக் குடுப்பேன். அது என்ன மாதிரின்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அறுபது வயசு ஆனா ஏத்த மாட்டாங்களாம். பெரியவன் போன்ல அனுபவத்தை எல்லாம் வாசிச்சான்ல, நான் அதுக்குக் கீழ இருந்த விதிமுறையை வாசிச்சேன். எனக்கு அடுத்த மாசம் அறுபது."

இந்தக் குடும்பம் பார்க்குக்கு வருவது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்த தடவை என்று ஒன்று சித்திக்கு இல்லை. "இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். "கேட்டா சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ராட்சசனை எல்லாரும் மத்தியானத்துக்கு வைத்திருந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து வாசல் கம்பியை நெருங்கினோம். சித்தியும் வரிசையில் நின்றார். அவர் பைகளோடு கூட வருவது வழக்கம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மாமியார் மட்டும் பக்கத்து நிழல் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், அதனால் பார்க்கே அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தது.

வாசலில் நின்ற ஊழியர், "பை, போன், செருப்பு எதுவும் மேல வரக்கூடாது" என்றார்.

ஒரே நொடியில் ஐந்து ஜோடிக் கைகள் சித்தியை நோக்கி நீண்டன. போன், வாட்ச், மூக்குக் கண்ணாடி, பிள்ளைகளின் தொப்பி. "இதைக் கொஞ்சம் பிடிங்க சித்தி."

சித்தி வாங்கிக்கொள்ளவில்லை. "நானும் வரேன்" என்றார்.

"எங்க?" என்றார் அண்ணன். சத்தியமாகப் புரியாமல்தான் கேட்டார்.

"மேல."

பெஞ்சிலிருந்தே மாமியார் குரல் கொடுத்தார். "உனக்கு எதுக்குடி இதெல்லாம்? மயக்கம் போட்டு விழுந்து வச்சா யாரு பாத்துக்கறது?"

"அடுத்த தடவை கண்டிப்பா ஏத்திடறோம் சித்தி" என்றார் என் கணவர், தாராள மனசோடு.

அதற்கு மேல் என் வாய் அடங்கவில்லை. "அடுத்த தடவை ஏத்த மாட்டாங்க. அங்க போர்டுல எழுதியிருக்கு, அறுபது வயசுக்கு மேல கிடையாதுன்னு. அவங்களுக்கு அடுத்த மாசம் அறுபது. உங்க வீட்ல யாருக்காவது அது தெரியுமா?"

எல்லாரும் போர்டைப் பார்த்தார்கள். பிறகு மற்றவர்கள் போர்டைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள், "போறீங்களா, வழி விடறீங்களா?" என்று சத்தம் போட்டார்கள். அண்ணன் லாக்கர் அறைக்கு ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்பினார். காலையில் காலியாகக் கிடந்தது இப்போது நிரம்பிவிட்டதாம்.

"அப்போ யாராவது ஒருத்தர் இருங்க" என்றார். சொன்னவர் உட்பட ஒருவரும் அசையவில்லை. அவர் மனைவி பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் தனியாகப் பயப்படுவார்களாம். பிள்ளைகள் பயப்படுகிற மாதிரியே தெரியவில்லை. என் கணவர், "நான் இருந்திருப்பேன், ஆனா..." என்று ஆரம்பித்து, அந்த ஆனாவுக்குப் பிறகு ஒன்றும் கிடைக்காமல் மேலே தண்டவாளத்தை ஆராய்ந்தார்.

சித்தி மெதுவாகக் கையை நீட்டத் தொடங்கினார். வாங்கிக்கொள்ளத்தான். பழகிய கை.

"நான் இருக்கேன், நீங்க போங்க" என்றேன்.

என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குடும்பத்தில் ஒரு தடவை பையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவளுக்கு அப்புறம் விமோசனம் இல்லை. ஆனால் சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகு வேறு என்ன செய்வது? தோளிலிருந்து பைகளை நானே கழற்றினேன். "உள்ள பணம், நகை..." என்று அவர் பழக்கத்தில் ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். ஆமாம், ஓடினார்.

நான் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியில் நாலு பை, காலடியில் ஆறு பேர் செருப்பு. மாமியார் கையில் ஒரு விசிறி, அதுவும் அவருக்கு மட்டும். "நல்ல பொண்ணும்மா நீ" என்றார். "பொறுப்பான பொண்ணு. எங்களுக்குக் கவலையே இல்ல." எட்டு மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மேலே பெட்டி ஏறியது. முன்வரிசையில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. பெட்டி உச்சியில் நின்றது. விழுந்தது. எல்லாரும் அலறினார்கள், அதில் எது சித்தியின் குரல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அலறி நான் கேட்டதே இல்லையே.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் இறங்கி வந்தார்கள். என் கணவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "வயித்துல ஒரு மாதிரி பண்ணுது" என்று என்னிடம் சொன்னார். "தண்ணி பாட்டில் எந்தப் பையில இருக்கு?" என்றார் அண்ணன், என்னிடம். "என் கண்ணாடி?" என்றார் அவர் மனைவி. "அடுத்தது படகுக்குப் போலாம், எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க" என்று தொப்பியைக்கூட வாங்காமல் பிள்ளைகள் கிளம்பின. இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு எனக்கு டிரைவிங் ஸ்கூலில்கூடக் கிடைத்ததில்லை.

சித்தி கடைசியாக வந்தார். கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் கிடந்தது. கண்ணில் தண்ணீர். சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார், செருப்பைக் கேட்கவில்லை. என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"எப்படி இருந்துச்சு சித்தி?"

"அத எல்லாம் சொல்ல முடியாதும்மா. இவ்வளவு வருஷமா இவங்க சொன்னது எதுவுமே அது இல்ல." சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். நாலு பை, மூன்று போன், இரண்டு தொப்பி. சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்திரி" என்றார்.

பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். என் தோளிலிருந்து ஒவ்வொரு பையாகக் கழற்றினார். தான் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், என் கணவர் தண்ணீர் கேனைக்கூட எடுத்து அவர் பக்கம் நீட்டினார். சித்தி பைகளை எல்லாம் கொண்டுபோய் மாமியார் மடியில் வைத்தார். தண்ணீர் கேனை வாங்கி அதற்கு மேலே வைத்தார்.

"என்னடி பண்றே?" என்றார் மாமியார், விசிறியை நழுவவிட்டு. "நான் தூங்கிடுவேன்னு தெரியும்ல?"

"தூங்காதக்கா" என்றார் சித்தி. "இந்தப் பொண்ணு இன்னைக்கு இந்தப் பெஞ்சுல உக்காந்தாள்னா, அப்புறம் அறுபது வயசுலதான் எந்திரிப்பா."

என் கையைப் பிடித்து ராட்சசன் வரிசையின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனார்.